ஹைப்போவுக்குப் பதிலாகத் திரிபலா: ரூட் கெனால் கிருமிகளிடம் தாவரச் சேர்மங்கள் எடுபடுமா?

தென்றல்_பிஜி

எல்லாருக்கும் வணக்கம். கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரியில் முதலாண்டு எம்டிஎஸ் படிக்கிறேன். தீசிஸ் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரூட் கெனாலைக் கழுவும் திரவமாகத் திரிபலாச் சாற்றை எடுத்து சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு (சுருக்கமாக ஹைப்போ) ஒப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

இந்த ஆசைக்குக் காரணம் 2010-ல் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸில் வந்த சென்னை ஆய்வு. பிடுங்கிய பற்களில் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் கிருமியை 3 வாரம், 6 வாரம் வளர்த்துப் படலமாக்கி, அதன்மேல் திரிபலா, கிரீன் டீ பாலிஃபீனால், எம்டிஏடி என்ற ஆன்டிபயாடிக் கலந்த கழுவுதிரவம், 5% ஹைப்போ ஆகியவற்றை 10 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஹைப்போதான் முதலிடம். ஆனால் திரிபலாவும் கிரீன் டீயும் குறிப்பிடத்தக்க அளவு வேலை செய்தன. திரிபலாவில் சேரும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை.

என் கைடு கேட்டது இதுதான்: "இந்த மாதிரி ஆய்வு ஏற்கெனவே நிறைய வந்தாச்சும்மா, நீ புதுசா என்ன சொல்லப் போறே?" எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை ஆய்வு வந்தும் எந்த கிளினிக்கிலும் திரிபலா பாட்டில் இல்லையே, ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்டோ_மதுரை

நல்ல கேள்விம்மா. கிளினிக் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹைப்போவைக் கிருமிநாசினி என்று மட்டும் நினைத்தால் இந்த ஒப்பீடே தப்பான இடத்தில் தொடங்கிவிடும். கால்வாய்க்குள் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, கிருமியைக் கொல்வது. இன்னொன்று, செத்துப்போன பல்கூழைக் கரைப்பது. இரண்டாவது வேலைக்குத்தான் இன்றுவரை சரியான மாற்று வரவில்லை.

பல்லின் வேருக்குள் இருப்பது நேரான ஒற்றைக் குழாய் கிடையாது. பக்கக் கிளைகள், இரண்டு கால்வாய்களை இணைக்கும் ஒடுங்கிய இடுக்குகள், நுனியில் ஆற்று முகத்துவாரம் மாதிரி பிரியும் பிளவுகள் எல்லாம் உண்டு. மைக்ரோ சிடி ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, நவீன ரோட்டரி ஃபைல் (கால்வாயைச் சுரண்டும் சுழல் கருவி) போட்ட பிறகும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடாமலே இருந்தது. அங்கே ஒட்டியிருக்கும் அழுகிய திசுவைத் திரவம்தான் போய்க் கரைத்தாக வேண்டும். கடுக்காய்ச் சாறு அதைக் கரைக்காது. 2% குளோர்ஹெக்ஸிடினும் கரைக்காது. கிருமியை நன்றாகவே கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் இத்தனை வருடமாகியும் ஹைப்போவின் இடத்தைப் பிடிக்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். திரிபலாவுக்கும் அதே தடை இருக்கிறது.

முதல் உலகப் போரில் காயம் கழுவ ஹென்றி டேக்கின் தயாரித்த 0.5% கரைசலின் வழியில் வந்ததுதான் நம் ஹைப்போ. நூறு வருடமாக நிற்கிறது. குறை இல்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். ஊசி வேரின் நுனியில் இறுகி, திரவம் எலும்புப் பக்கம் போய்விட்டால் நோயாளி துடித்துப் போவார். சில நிமிடத்தில் முகம் வீங்கும், கன்னம் கறுக்கும். அதனால்தான் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை, நுனிக்கு முன்பாகவே நிறுத்தி, அழுத்தாமல் விடச் சொல்லிக் கொடுக்கிறோம். ரப்பர் டேம் (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் ஹைப்போவைத் தொடக்கூடாது. அதிகச் செறிவில் நெடுநேரம் வைத்தால் பல்லின் உட்சுவரான டென்டினில் உள்ள கொலாஜன் புரதத்தையும் சிதைக்கும். ஆக, மாற்றுத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஹைப்போவின் எந்த வேலைக்கு மாற்று என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாளை_சித்தா

டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சித்த மருத்துவனாக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

தாவரம் இனிமேல்தான் ரூட் கெனாலுக்குள் வரவேண்டும் என்பதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கால்வாயை அடைக்கும் கட்டா பெர்ச்சா மலாய்ப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் பால். நம் இலுப்பையும் அந்த மரமும் ஒரே குடும்பம். இன்றைய கட்டா பெர்ச்சா குச்சியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடுதான் என்றாலும், ஐந்தில் ஒரு பங்கு அந்த மரப்பால். அதோடு பூசும் பல வகை சீலர்களில் (இடைவெளியை மூடும் பசைகளில்) யூஜினால் இருக்கிறது. யூஜினால் என்றால் கிராம்பு எண்ணெயின் முதன்மைச் சேர்மம். அளவாக இருந்தால் வலியை அடக்கும், கிருமியையும் ஒடுக்கும். இவையெல்லாம் எப்படி நிலைத்தன என்று பாருங்கள். மரத்தை இடித்துச் சாறு பிழிந்து யாரும் ஊற்றவில்லை. பொருளைப் பிரித்தெடுத்து, அளவு கட்டி, எங்கே உதவும் எங்கே உதவாது என்று பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்று ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையிலேயே எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது. எங்கள் மருத்துவம் அப்படிச் சொல்லவே இல்லை. சேராங்கொட்டையைச் சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாமல் கொடுத்தால் உடம்பு கொப்பளித்துவிடும் என்பது எங்களுக்குப் பாலபாடம். சுத்தி, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துத் தரும் பொருள்) இதெல்லாம் எதற்காக இருக்கிறது? பொருளுக்கு வீரியம் இருப்பதால்தானே.

திரிபலாச் சூரணத்தை வாய் கொப்பளிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். வேரின் உள்ளே, எலும்பை ஒட்டிய இடத்தில் செலுத்துவது முற்றிலும் வேறு விஷயம். அதற்கு மரபுச் சான்று மட்டும் போதாது. புதிதாகத்தான் நிரூபிக்க வேண்டும்.

நுண்ணுயிர்_ஆய்வகம்

தென்றல், உங்கள் கைடு கேட்ட கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தாவரச் சாறுகளை வைத்து வரும் ஆய்வுகளில் பெரும்பகுதி அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல் தட்டு) குழி வெட்டி, சாற்றை ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த வட்டம் கிருமி சாவதை மட்டும் காட்டுவதில்லை. சேர்மம் அகாரில் எவ்வளவு தூரம் பரவும் என்பதும் அதில் கலந்திருக்கிறது. டானின் மாதிரி பெரிய மூலக்கூறுகள் மெதுவாகப் பரவும். எண்ணெய்ச் சேர்மங்கள் நீர்த்தன்மையுள்ள அகாரில் சரியாகப் பரவவே பரவாது. இரண்டு வெவ்வேறு பொருளின் வட்டத்தைப் பக்கத்தில் வைத்து இது பெரிது, அது சிறிது என்றால் அதற்கு அர்த்தமில்லை.

அப்புறம் அந்தக் கிருமி. எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸை எல்லாரும் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரூட் கெனால் செய்தும் ஆறாத பற்களில் அது அடிக்கடி கிடைக்கிறது. உணவே இல்லாமல் நெடுநாள் தாங்கும். டென்டின் நுண்குழல்களுக்குள் புகுந்துகொள்ளும். கால்வாய்க்குள் வைக்கும் காரமான மருந்தாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தால் வெளியே காரத்தன்மை ஏறும்போது, செல்லுக்குள் புரோட்டானை இறைத்து உள்ளே சமன் செய்துகொள்ளும். டென்டினுக்கே காரத்தைத் தணிக்கும் இயல்பு உண்டு என்பதால் நுண்குழலின் ஆழத்தில் அந்தக் கிருமியைக் கொல்லும் அளவுக்கு பிஎச் ஏறுவதும் இல்லை. பிடிவாதமான கிருமிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிஜக் கால்வாயில் அது தனியாக இருப்பதில்லை. ஆக்சிஜன் வேண்டாத பல இனங்களோடு சேர்ந்து, தானே சுரந்த பசைக்குள் வாழ்கிறது. ஒரே இனத்தை மிதக்கவிட்டுக் கொன்றுவிட்டு ரூட் கெனால் தொற்று தீரும் என்று எழுதுவது பெரிய தாவல்.

முக்கியமான இன்னொன்று டென்டின் தூள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாப்பசாலோ குழுவினர் காட்டியது இது: சோதனைக் குழாயில் நன்றாகக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு, டென்டின் தூள் சேர்த்ததும் செயலற்றுப் போகிறது. மற்ற மருந்துகளின் வேகமும் குறைந்தது. இப்போது தாவரப் பாலிஃபீனாலை யோசியுங்கள். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, டானின் எச்சில் புரதத்தோடு பிணைவதால் வருவது அது. டென்டினில் கொலாஜன் புரதம் நிறைய. உங்கள் டானின் கிருமியைப் போய்ச் சேரும் முன்பே சுவரோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். திரிபலாவை டென்டின் தூளோடும், இரத்தப் புரதத்தோடும், கலப்புப் படலத்தின் மேலும் சோதித்தால் அது புதிய செய்தி. கைடு மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கொல்வது மட்டும்தான் வழி என்றும் இல்லை. இந்தக் கிருமி எஃப்எஸ்ஆர் என்ற சமிக்ஞை ஏற்பாட்டின் மூலம் கூட்டம் சேர்ந்ததை உணர்ந்து ஜெலட்டினேஸ் நொதியைச் சுரக்கிறது. அந்தச் சமிக்ஞையைக் குழப்பினால் கிருமி உயிரோடு இருந்தாலும் படலம் கட்டுவதில் தடுமாறும். தாவரங்கள் பாக்டீரியாவோடு பல கோடி ஆண்டுகளாக வாழ்ந்தவை, இப்படிப்பட்ட தந்திரங்கள் அவற்றிடம் நிறையவே இருக்கும். நான் தாவரச் சேர்மங்களை மதிப்பது இதற்காகத்தான்.

பூங்குழலி_அம்மா

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தேடிக்கொண்டு வந்ததில் இந்த இழை கிடைத்தது. என் மகனுக்கு எட்டு வயது. சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் அடிபட்டது. இப்போது பல் கறுத்து, ஈறில் சின்னதாகச் சீழ்க்கட்டி வருகிறது. வேர் இன்னும் முழுசாக வளரவில்லை, நுனி திறந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுவார்களாம். அது வீட்டில் துணி வெளுக்கும் பிளீச் தானே? பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பூண்டை நசுக்கிக் கிராம்பு எண்ணெயில் குழைத்து வைத்தால் சீழ் வற்றிவிடும் என்கிறார். மூலிகையால் கழுவச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா?

எண்டோ_மதுரை

அம்மா, முதலில் அந்தப் பூண்டு விழுதை வைக்காதீர்கள். பச்சைப் பூண்டு ஈறில் பட்டுக் கிடந்தால் தோலை வேகவைத்துவிடும், புண்ணாகும். கிராம்பு எண்ணெயை நேராக ஊற்றினாலும் எரியும். வலியும் சீழும் கொஞ்சம் அடங்கினால்கூடத் தொற்று வேருக்குள் அப்படியே இருக்கும். மகனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, முகமோ தாடைக்குக் கீழோ வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிளீச்சும் இதுவும் ஒரே வேதிப்பொருள்தான். ஆனால் உங்கள் மகனைப் போல வேர் வளராத பல்லில் குறைந்த செறிவில்தான் பயன்படுத்துவார்கள். அமெரிக்க எண்டோடான்டிக் சங்கத்தின் வழிகாட்டுதல் 1.5% என்கிறது. காரணம், திறந்திருக்கும் நுனிக்கு அப்பால் வேரை வளர்க்கக்கூடிய தண்டு செல்கள் இருக்கின்றன, அவை சாகக்கூடாது. ரப்பர் டேம் போட்டு மெதுவாகக் கழுவி, பிறகு ஈடிடிஏ என்ற இன்னொரு கழுவுதிரவம் விட்டு, இடையில் மருந்து வைத்து, அடுத்த முறை நுனியில் இரத்தம் கசிய வைத்து உள்ளே புதுத் திசு வர வழி செய்வார்கள். இந்த முறையை உங்கள் டாக்டர் செய்வாரா, அல்லது எம்டிஏ என்ற சிமென்ட் வைத்து நுனியை அடைப்பாரா என்று கேளுங்கள். ரப்பர் டேம் போடுவாரா என்றும் கேளுங்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

தென்றல், இந்த அம்மாவின் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகாதே. வளர்ந்தவர்களின் கடைவாய்ப்பல்லில் ஹைப்போவோடு மல்லுக்கு நிற்பதைவிட இங்கேதான் தாவரச் சேர்மத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது. சுவர் மெல்லியது, ஃபைல் போட்டுச் சுரண்ட முடியாது. செறிவான ஹைப்போ வேண்டாம். மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்த மும்மருந்துக் குழைவில் மினோசைக்ளின் இருந்தால் முன்பல் கறுத்துவிடும். கிருமியை ஒடுக்கி, தண்டு செல்லைக் கெடுக்காத ஒரு பொருளுக்கு இங்கே காலியிடம் இருக்கிறது.

பூங்குழலி_அம்மா

ரொம்ப நன்றி டாக்டர். எதையும் வைக்கவில்லை. நாளைக் காலையிலேயே கூட்டிப் போகிறேன். ரப்பர் டேம் பற்றிக் கேட்கிறேன்.

சேர்மம்_கோவை

தாவர வேதியியல் என் துறை. நிறத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. முன்பல் என்றால் அது உயிர்நாடியான விஷயம்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். குர்குமின் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒளி படும்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியைத் தாக்கும். பல் அடைக்கும்போது சிமென்ட்டை இறுக வைக்கும் அதே நீல விளக்கு இதற்கு ஓரளவு பொருந்துவது பெரிய வசதி. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கால்வாயின் ஆழத்துக்கு ஒளி போவதும் கடினம், எச்சம் மிச்சமிருந்தால் பல் மஞ்சளாகும். திராட்சை விதையின் புரோஆந்தோசயனிடின் டென்டின் கொலாஜனைக் குறுக்கே பிணைத்து வலுப்படுத்தும். ஹைப்போ பலவீனமாக்கும் இடத்தை இது தாங்கிப் பிடிக்கலாம். அதுவும் கறை படியும். கடுக்காய் தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் ஆண்டாண்டு காலமாகப் பயன்பட்ட காய், இரும்பு பட்டால் கறுக்கும். எனவே தென்றல் எதை எடுத்தாலும் பல்லின் நிறமாற்றத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சாறு. "திரிபலாச் சாறு" என்று எழுதினால் எனக்கு எதுவும் புரியாது. எந்த மாதம் பறித்த காய், தண்ணீரில் எடுத்ததா எத்தனாலில் எடுத்ததா, கேலிக் அமிலம் எவ்வளவு, செபுலாஜிக் அமிலம் எவ்வளவு? சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்து எழுதாத சாற்றை இன்னொரு ஆய்வகம் திரும்பச் செய்து பார்க்க முடியாது. கரைக்க டிஎம்எஸ்ஓ சேர்த்தால் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள ஒரு குழு வேண்டும். இல்லையென்றால் கொன்றது காயா கரைப்பானா என்று தெரியாது. சூரணத்தில் மண் பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கும், 0.22 மைக்ரான் வடிகட்டி கட்டாயம்.

பலபேர் கவனிக்காத செய்தி ஒன்று. இந்தியாவில் 2015 இறுதியில் பைட்டோஃபார்மசூட்டிக்கல் மருந்து என்ற தனிப் பிரிவைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். சுத்திகரித்த தாவரப் பகுதி, அதில் குறைந்தது நான்கு சேர்மங்கள் அளந்து காட்டப்பட்டிருக்க வேண்டும். முழுச் சாறாகவும் இல்லாமல், தனி மூலக்கூறாகவும் இல்லாமல் நடுவே ஒரு வழி. திரிபலா போன்ற கலவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் சாற்றை ஆரம்பத்திலேயே அந்த விதிக்கு ஏற்பத் தயாரித்தால், தீசிஸ் முடிந்த பிறகும் வேலை தொடரும்.

இன்னொன்று, ஹைப்போவையும் பாலிஃபீனாலையும் அடுத்தடுத்து விட்டால் ஹைப்போ அதை ஆக்சிஜனேற்றி அழித்துவிடும், தானும் வீணாகும். ஹைப்போவும் குளோர்ஹெக்ஸிடினும் சேர்ந்தால் செம்பழுப்பு வீழ்படிவு வருவது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் நடுவில் சலைன் வேண்டும்.

பாளை_சித்தா

கோவை நண்பர் சொன்ன பருவ வேறுபாடு எங்களுக்கும் தெரிந்ததே. சரக்கு எடுக்கும் காலம், முற்றல் இளசு எல்லாம் பார்த்துத்தான் எடுப்போம். எச்பிஎல்சி அளவையும் அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். காயை அடையாளம் காண தாவர மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியத்தில் மாதிரி வைத்து எண் வாங்கிவிடுங்கள்.

தென்றல்_பிஜி

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் படித்தேன். தலைப்பை மாற்றிவிட்டேன். "ஹைப்போவா திரிபலாவா" என்ற போட்டியே வேண்டாம். எல்லா மாதிரிகளுக்கும் 1.5% ஹைப்போவும் ஈடிடிஏவும் பொது. சலைன் கழுவலுக்குப் பிறகு இரண்டு சந்திப்புக்கு நடுவில் வைக்கும் மருந்தாக, அளவு கட்டிய திரிபலாப் பகுதி ஒரு குழுவுக்கு, கால்சியம் ஹைட்ராக்சைடு இன்னொன்றுக்கு, மருந்தில்லாத வெறும் கரைப்பான் ஜெல் மூன்றாவதுக்கு. முதிராத வேரைப் போல நுனி திறக்கப்பட்ட, பிடுங்கிய பற்களில் கலப்புப் படலம் வளர்ப்பேன். கூடவே டென்டின் தூள் சோதனை, பல்நுனித் தண்டு செல்களின் மேல் நச்சுச் சோதனை, நிறமாற்றம். கைடு ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் நோயாளிகளிடமும் இப்போதே செய்யலாமே என்கிறார். செய்யலாமா?

நுண்ணுயிர்_ஆய்வகம்

இப்போது வேண்டாம். நச்சுச் சோதனை முடிவு கையில் வரும் முன் குழந்தையின் பல்லில் எதையும் வைக்கக்கூடாது, எத்திக்ஸ் கமிட்டியும் விடாது. ஆய்வகப் பகுதியை நன்றாகச் செய்து முடித்தாலே தீசிஸ் நிறைந்துவிடும்.

எண்டோ_மதுரை

ஆமாம்மா. பின்னால் நோயாளிகளிடம் செய்யும்போது ஒன்றை மறக்காதே. பேப்பர் பாயின்ட்டில் (கால்வாய்க்குள் விடும் காகிதக் குச்சி) மாதிரி எடுத்துக் கிருமி எண்ணிக்கை குறைந்தது என்பதோடு நிறுத்திவிடாதே. நோயாளிக்கு வேண்டியது எலும்பு ஆறுவது. சாதாரண வேர்சிகிச்சைக்கே ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் குறைந்தது ஒரு வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது, ஆறாமல் இருந்தால் நான்கு வருடம் வரை. எக்ஸ்ரேயில் தெரியும் வேர்நுனிக் கறுப்பை பிஏஐ என்ற ஆறுதல் அளவுகோலின் மதிப்பெண்ணால் இரண்டு பேர் தனித்தனியாக, எந்த மருந்து என்று தெரியாமல் பார்க்க வேண்டும். முதிராத பல் என்றால் வேரின் நீளம், சுவரின் தடிமன் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். தொடங்கும் முன்பே சிடிஆர்ஐ-யில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு செய்துவிடு. மூன்றாண்டுப் படிப்பில் அதை முடிக்க முடியாது, அதனால் உன் கல்லூரியில் அடுத்து வரும் பிஜி ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள். சினாப்சிஸ் எழுதியதும் இங்கே போடு, நாங்கள் படித்துப் பார்க்கிறோம்.

சேர்மம்_கோவை

சாறு பிரித்தெடுக்கும் பகுதிக்கு என் ஆய்வகத்தில் எச்பிஎல்சி நேரம் ஒதுக்கித் தருகிறேன். காய்களை நிழலில் உலர்த்தி, மூன்றையும் தனித்தனிப் பையில் கொண்டு வாருங்கள், கலந்து அரைக்க வேண்டாம். தனித்தனியாக அளந்த பிறகு கலந்தால்தான் எந்தக் காய் என்ன செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.